பதினோராம் பத்தியில் வியாழக்கிழமை

எழுதுகிறவன் சமூகத்தின் கண் என்பது மோகனசுந்தரத்தின் அசையாத நம்பிக்கை. ஒரு சொல் பிறக்கும்போது ஒரு யுகமே புரண்டு படுக்கிறது என்றும் அவர் நம்பினார். அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அவர் எழுத வேண்டியிருந்தது இவ்வளவுதான்: மாடுகளுக்கு அம்மை ஊசி முன்பு சொன்னபடி சனிக்கிழமை இல்லை, வியாழக்கிழமை.

கேரள எல்லையில் மீனாட்சிபுரத்தை ஒட்டிய ஒரு சின்னப் பால் சங்கத்துக்கு அவர் செயலாளர். அவரிடம் மாடு கிடையாது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழு இருந்தது. முன்பு ‘பால் சங்கம்’ என்று கிடந்த அதற்கு ‘எல்லை முழக்கம்’ என்று பெயர் மாற்றியிருந்தார். பக்கத்து ஊரில் அம்மை வந்து இரண்டு மாடுகள் செத்திருந்த வாரம் அது. மாட்டு டாக்டர் ஜோமோள் ஃபோனில் சொன்னதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, வெற்றிலை போட்டுவிட்டு, எழுத உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று.

மகள் கௌசிகாவுக்குக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு ஃபோனில் அறிவிப்பு அனுப்புவது அவள் பொறுப்பு. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் எழுதியதை வாங்கிப் படித்தாள்.

“ஏனுங்கப்பா, இதுல ஊசி எங்க வருது?”

“பதினோராம் பத்தியில.”

“அதுக்கு முன்னாடி பத்துப் பத்தி?”

“பின்புலம் கண்ணு. முல்லை நிலம், ஆயர் வாழ்வு, பசுவின் தாய்மை...”

“பின்புலம் முடியறதுக்குள்ள மாடு செத்துப்போயிருமுங்கப்பா. எங்க கம்பெனியில நான் போடறது ரெண்டே வரி. முதல் வரியில நாளு, அடுத்த வரியில எடம். அதுக்கே இந்திக்காரங்க ‘தீதி, என்ன எழுதியிருக்கு’ன்னு வந்து நிப்பாங்க. இங்க பாதிப்பேரு மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. மலையாளத்துல ரெண்டு வரி போட்டு, வாயில பேசியும் அனுப்பிருங்க.”

“நானென்ன தண்டோராப் போடறவனா? நாப்பத்தாறு இதயம் வருது தெரியுமா, ஒவ்வொரு பதிவுக்கும்? படிக்காமயா போடறாங்க?”

கௌசிகா செருப்பைக் கழற்றப் போய்விட்டாள். அவர் எழுதியதை அப்படியே குழுவில் போட்டார்.

இதயங்கள் வந்தது உண்மை. தினமும் காலையில் பால் கொண்டுவருகிறவர்களின் கேனில் மோகனசுந்தரம் பால்மானியை விடுவார். அது மேலும் கீழும் ஆடி நிற்பதற்குள், “நேத்து எழுதினது படிச்சீங்களா?” என்று கேட்பார். தண்ணீர் கலந்திருக்கிறதா இல்லையா என்று இன்னும் முடிவாகாத அந்த நேரத்தில், இல்லை என்று சொல்லும் துணிச்சல் அந்த வரிசையில் ஒருவருக்கும் கிடையாது. அதனால் பாலைச் சங்கத்துக் கேனில் ஊற்றி மூடியதும் ஃபோனை எடுத்து ஓர் இதயத்தை அழுத்திவிட்டுக் கிளம்புவது அங்கே வழக்கமாகியிருந்தது.

பூவாத்தாள் எப்போதும் முதல் ஆளாக அழுத்துவாள். அவளுக்கு ஒரே மாடு, செவலை. அந்தப் பாலில்தான் மகள் கோயமுத்தூரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை அவளிடமும் கேட்டார்.

“படிச்சனுங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க.”

“எந்த எடத்துல?”

பூவாத்தாள் பால்மானியைப் பார்த்தாள். “எல்லா எடத்துலயுமுங்க.”

அன்றைக்கு அவள் பால் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. நாளைக்கு மாட்டை ஓட்டிவா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படித்தவளிடம் மறுபடி சொல்வது மரியாதை ஆகாது என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை பால் அளக்கும் வேலையை உதவியாளரிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார். பதினோரு மாடுகள் வந்தன. எல்லாம் மைதானத்தைச் சுற்றியிருந்த வீட்டு மாடுகள். ஜீப்பைப் பார்த்து ஓட்டிவந்தார்கள்.

டாக்டர் ஜோமோள் கடிகாரத்தைப் பார்த்தார். “சாரே, ஆளுகளைக் காணோமே. ஒண்ணு விளிச்சுப் பாருங்க. மருந்து திரும்பிப் போனா அடுத்த லோடு வர இருபது நாளாகும்.”

“எழுதியிருக்கனுங்க டாக்டர். நாப்பத்தாறு பேரு படிச்சாச்சு. வருவாங்க.”

ஃபோன் அவர் சட்டைப் பையில் இருந்தது. பத்து மணிக்கு டாக்டர் ஐஸ் பெட்டியை மூடினார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மைதானத்தில் முப்பதுக்கும் மேல் மாடுகள் நின்றன. யாரோ சொல்லி மோகனசுந்தரம் ஓடிவந்தார். வரிசையில் முதலில் செவலை. பூவாத்தாள் அதைக் குளிப்பாட்டி நெற்றியில் மஞ்சள் வைத்திருந்தாள்.

“ஊசி போடறவங்க இன்னும் வல்லீங்களா?”

“வியாழக்கிழமையே முடிஞ்சுதே அம்மிணி! நான்தான் எழுதியிருந்தனே!”

“அப்பிடீங்களா,” என்றாள் பூவாத்தாள்.

பின்னால் நின்றவர்கள் ஃபோனை எடுத்து, பெருவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். “ஆமாங்க, இருக்குதுங்க,” என்று ஒருவர் அடியாழத்திலிருந்து எடுத்ததைப்போலச் சொன்னார். படிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையும் பால் அளக்க வேண்டியிருந்தது. மாடுகளைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

ஊசி போட்ட வியாழனிலிருந்து பன்னிரண்டாம் நாள் செவலையின் கழுத்தில் கட்டிகள் வந்தன. பிறகு தீனி எடுக்கவில்லை. டாக்டர் மூன்று தடவை வந்து பார்த்தார். பத்தொன்பதாம் நாள் அது செத்தது. அடுத்த லோடு மருந்து மறுநாள் வந்தது.

மாடு செத்த அன்று மோகனசுந்தரம் போனபோது குழி மூடியாயிற்று. கட்டுத்தறியில் கயிறு கிடந்தது. அதை எடுத்துச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

பூவாத்தாளே பேசினாள். “நீங்க என்னங்க பண்ணுவீங்க. எழுதித்தானே போட்டீங்க. நான் ஏழாவது வரைக்கும் மலையாளமுங்க. தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கறதுக்குள்ள விடிஞ்சுரும். உங்க பேரைப் பாத்ததும் அழுத்திருவனுங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“நீங்க ‘படிச்சியா’ன்னு கேட்டீங்க. அப்புறம் நான் எப்பிடீங்க ‘என்ன எழுதியிருக்கு’ன்னு கேக்கறது?”

அவள் ஃபோனை வாங்கினார். திரை ஓர் ஓரமாக விரிசல் விட்டிருந்தது. வெயிலில் பாதி எழுத்து தெரியவில்லை. முதல் நான்கு வரிக்குக் கீழே ‘மேலும் வாசிக்க’ என்று இருந்தது. அதை அழுத்தி, கட்டுத்தறி ஓரமாக நின்றபடி தன் எழுத்தைத் தானே தேடிக்கொண்டு போனார். முல்லை நிலம் போயிற்று. ஆயர் போயினர். நான்காம் பத்தியையும் ஐந்தாம் பத்தியையும் அவர் விரல் தானாகவே தாண்டியது. பசுவின் தாய்மை வந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். எழுதிய அன்று அந்தப் பத்தியை மூன்று தடவை உரக்கப் படித்துப் பார்த்திருந்தார். வியாழக்கிழமை இன்னும் நாலு தள்ளலுக்குக் கீழே இருந்தது.

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். எழுதியது தன் கை, கூப்பிடாமல் விட்டதும் தன் கை என்று அவருக்கு அப்போது தோன்றியது.

வீட்டுக்கு வந்து கௌசிகாவைக் கூப்பிட்டார். “ரெண்டு வரி எழுதணும் கண்ணு. மலையாளத்துல.”

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ‘பூவாத்தாளின் மாடு செத்ததற்கு நான்தான் காரணம். நாளைக் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் ஊசி.’ அதையே தன் குரலில் பேசியும் அனுப்பினார். பேசும்போது இரண்டு தடவை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. குழுவுக்குப் பழைய பெயரையே வைத்துவிடச் சொன்னார்.

மறுநாள் எல்லா மாடுகளும் வந்தன.

அந்த இரண்டு வரிக்கு நாற்பத்தைந்து இதயங்கள் வந்தன. பூவாத்தாள் இப்போது சங்கத்துக்குப் பால் ஊற்றுவதில்லை.