கேட்காமல் விட்ட உப்பு

"நீ இருக்கியா, இல்லையா?"

எட்டாம் வகுப்பில் கணக்கு சார் என்னிடம் கேட்ட கேள்வி இது. வருகைப் பதிவேட்டில் என் முறை வந்தபோது நான் பதில் சொல்லத்தான் செய்தேன். என் குரல் முதல் பெஞ்சைத் தாண்டவில்லை. அவர் கண்ணாடியை இறக்கி, பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். வகுப்பே சிரித்தது. அவர் கோபமாகக் கேட்கவில்லை, கேலியாகக்கூட இல்லை. ஆனாலும் அந்த வருடத்தோடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். அம்மாவுக்கு முதுகுவலி, வீட்டு வேலைக்கு ஆள் இல்லை என்று வேறு காரணங்களும் இருந்தன. எனக்குள் சொல்லிக்கொள்ள இந்த ஒன்றுதான் வசதியாக இருந்தது.

சார் எங்கள் கட்டடத்தில்தான், முதல் மாடியின் கடைசி வீட்டில், தனியாக இருந்தார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் நான் ஒரு மாடி மேலே ஏறி நின்றுகொள்வேன். அவர் போனபிறகு இறங்குவேன். மூன்று வருடம் இப்படியே ஓட்டிவிட்டேன்.

பிறகு வெள்ளம் வந்தது. ஒரே காலையில் தெரு காணாமல் போய்விட்டது. கீழே இருந்த கடைகளின் ஷட்டர்கள் மூழ்கி, தண்ணீர் படிக்கட்டில் ஏழாவது படியில் வந்து நின்றது. மின்சாரம் போயிற்று, போன்களும் ஒவ்வொன்றாகச் செத்தன. முதல் மாடிக்காரர்கள் மேலே இருந்தவர்கள் வீடுகளில் ஏறிக்கொண்டார்கள். மறுநாள் மழை நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. தண்ணீர் மட்டும் நகரவில்லை.

கீழே மீன்கடை வைத்திருந்த அக்கா, தண்ணீர் ஏறுவதற்குள் மூன்று பெட்டி மீனை மொட்டை மாடிக்குத் தூக்கி வந்திருந்தாள். மறுநாள் காலையில் ஐஸ் எல்லாம் தண்ணியாகிவிட்டது.

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் இது மீன். அப்புறம் வேற பேரு" என்றாள். "உப்பு போட்டுக் காய வெச்சிட்டா பத்து நாளைக்குக் கவலை இல்ல. ஏய் ஊமைக்கோட்டான், இங்க வாடி."

ஊமைக்கோட்டான் நான்தான்.

"வீட்டுக்கு வீடு போய் உப்பு வாங்கிட்டு வா. கல்லுப்போ தூளுப்போ, எதுவா இருந்தாலும் சரி. எந்த வீட்ல எத்தனை பேர் இருக்காங்கன்னும் எழுதிக்க, சோறு பங்கு போடணும். உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கே."

"போயும் போயும் இவளையா அனுப்புற?" என்றாள் அம்மா. "இவ தட்டினா அந்தக் கதவுக்கே கேக்காது."

"உப்பு வாங்க வாய் எதுக்கு? பாத்திரத்தை நீட்டினா போதும்" என்றார் மூன்றாம் மாடி டெய்லர் மாமா.

அவர் சொன்னபடியே பாத்திரத்தை நீட்டினேன். எல்லோரும் போட்டார்கள். மேலே இருந்த வீடுகளை முடித்துக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினேன். நடையில் இருட்டு. கீழே படியில் தண்ணீர் மோதும் சத்தம். சார் வீட்டுக் கதவில் பூட்டு இல்லை. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. டிங், டிங், டிங். சார் டீ கலக்குகிறார் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்ப்பார். ஏன் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டாய் என்று கேட்பார். தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

அக்கா மீனை முதுகுப் பக்கம் கீறி, குடலை எடுத்து, புத்தகம்போல் விரித்து, பிளாஸ்டிக் டிரம்மில் ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று வைத்துக்கொண்டே போனாள். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பெரிய கல்லை ஏற்றினாள். "மூணு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. இதுல கஞ்சத்தனம் காட்டினா மொத்தமும் போயிடும்" என்றாள். இரண்டு பெட்டிக்கு உப்பு சரியாக இருந்தது. மூன்றாவது பெட்டிக்குப் பாத்திரத்தின் அடியில் ஒரு கைப்பிடிதான் மிச்சம்.

"இன்னும் ரெண்டு பாக்கெட் கெடைச்சாப் போதும், இதையும் காப்பாத்திடலாம். ஏண்டி, எந்த வீடும் விட்டுப்போகலையே?"

தலையாட்டினேன்.

"கணக்கு சார் வீடு?"

"பூட்டியிருக்கு."

அன்று நான் சொன்ன வார்த்தைகளில் எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது இது ஒன்றுதான்.

"மக வீட்டுக்குப் போயிருப்பாரு. வானம் கறுத்தாலே மூட்டை கட்டற ஆளாச்சே" என்றார் டெய்லர் மாமா. நான் பட்டியலில் சார் வீட்டுக்கு நேரே 'பூட்டு' என்று எழுதினேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்தது.

மூன்றாவது பெட்டியில் முடிந்ததை அன்றே வேகவைத்துச் சாப்பிட்டோம். மீதி மறுநாள் காலையில் நாறிப்போயிற்று. அக்கா அதைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கித் தண்ணீரில் கவிழ்த்தாள். வெள்ளை வயிறுகளாக மிதந்து போயின. "இருபத்தாறு பேருக்கு நாலு வேளைச் சாப்பாடுடி அது" என்றாள். என் உப்புதான் அது, நான் கேட்காமல் விட்ட உப்பு என்று எனக்கு மட்டும் தெரியும்.

உப்பில் ஊறிய மீனைக் கழுவி, துணி காயப்போடும் கொடியில் கோத்துத் தொங்கவிட்டோம். ஈ மொய்க்காமல் இருக்கக் கொசுவலையைப் போர்த்தினோம். காக்கை ஓட்டும் வேலை டெய்லர் மாமாவுக்கு. அவர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சுழற்றி விரட்டினார்.

"என்னண்ணே, காக்காவுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றாள் அக்கா.

"அதுக்கென்னம்மா, அதுதான் பொறக்கும்போதே கோட்டு போட்டுட்டு வந்திருக்கே. எனக்கு அதால ஒரு பைசா பிரயோஜனம் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வாசனைக்காவது சார் மேலே ஏறி வந்துவிடுவார், வந்துவிட்டால் என் பொய் யாருக்கும் பெரிதாகத் தெரியாது, 'தூங்கிட்டிருந்தீங்களா சார்' என்று யாராவது கேட்பார்கள், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அக்கா பட்டியலைப் படிக்கச் சொல்வாள். நான் மெதுவாகப் படிப்பேன். அவள் பங்கு வைப்பாள். சார் வீட்டை ஒவ்வொரு வேளையும் தாண்டிப் போனேன்.

மூன்றாம் நாள் என் நோட்டில், 'இன்று சொல்லிவிட வேண்டும்' என்று எழுதினேன். நான்காம் நாளும் அதையே எழுதினேன். அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் அந்த நோட்டிடம்தான் எனக்கு எல்லாம் சொல்ல வரும்.

ஐந்தாம் நாள் மதியம் என் பங்குச் சோற்றின்மேல் ஒரு துண்டுக் கருவாட்டை வைத்து, யாருக்கும் தெரியாமல் கீழே எடுத்துப்போனேன். சார் வாசலில் தட்டை வைத்து, விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன். மேலே வந்ததும் ஏதோ பெரிய காரியம் செய்ததுபோல் இருந்தது. சார் சாப்பிட்டிருப்பார், பட்டியலில் இல்லாவிட்டால் என்ன, தினமும் நானே வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பசி வயிற்றைக் கிள்ளியது. அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆறாம் நாள் காலை தட்டை எடுக்கப் போனேன். வைத்தது வைத்தபடி இருந்தது. சோற்றின்மேல் எறும்பு.

அப்போதுதான் அந்த டம்ளர் சத்தம் ஞாபகம் வந்தது. மாடிக்கு எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. அக்கா கொடியில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

அவள் திரும்பவில்லை.

"அக்கா."

கேட்கவில்லை.

"அக்கா!"

சுவரில் இருந்த காக்கை பறந்தது. டெய்லர் மாமா, அம்மா, எல்லோரும் திரும்பினார்கள்.

"கணக்கு சார் உள்ள இருக்காரு."

"பூட்டியிருக்குன்னு சொன்னியேடி?"

"பூட்டல. நான் தட்டவே இல்ல."

அக்கா கையில் இருந்த மீனைப் போட்டுவிட்டு ஓடினாள். டெய்லர் மாமா மீனை அழுத்தி வைத்திருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். அந்தக் கல்லாலேயே தாழ்ப்பாளை உடைத்தார்.

சார் சமையலறையில் கிடந்தார். வெள்ளம் வந்த அன்றே, ஜன்னல் வழியாகச் சாரல் அடித்த தரையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு அசையவில்லை. கைக்கு எட்டிய தூரத்தில் தண்ணீர்ப் பானையும் சர்க்கரை டப்பாவும் இருந்தன. அதில்தான் உயிர் நின்றிருக்கிறது. வலது கைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் கிடந்தது. விளிம்பெல்லாம் நசுங்கியிருந்தது. கீழ்த்தட்டில் பிரிக்காத இரண்டு உப்புப் பாக்கெட்டுகள். அக்கா அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

அம்மா கரண்டியால் தண்ணீர் கொடுத்தாள். சாருக்கு உதடு வெடித்திருந்தது.

"யாரோ வந்தாங்கம்மா... ரெண்டு தரம்... டம்ளரைத் தட்டினேன். கூப்பிட்டும் பார்த்தேன். என் குரல் கதவைத் தாண்டல போல."

நான் பேசாமல் இருந்தால் அது யார் என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

"நான்தான் சார்."

அவர் கண்களைத் திருப்பினார்.

"நான்தான் வந்தேன். டம்ளர் சத்தம் கேட்டுச்சு. டீ கலக்குறீங்கன்னு நெனச்சேன். பயந்துகிட்டு தட்டாம போயிட்டேன். பூட்டியிருக்குன்னு பொய் சொன்னேன்."

எதற்கும் ஒரு ஜோக் சொல்லும் டெய்லர் மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று மதியம் அக்கா என்னிடமிருந்து பட்டியலை வாங்கி டெய்லர் மாமாவிடம் கொடுத்தாள். "இனிமே நீங்க படிங்கண்ணே." திட்டவில்லை. ஊமைக்கோட்டான் என்று கூப்பிடவும் இல்லை. அம்மா மட்டும், "சாப்பிடு" என்று தட்டை வைத்தாள். நான் கருவாட்டை ஓரமாக எடுத்து வைத்தேன். அந்தக் கருவாடு நன்றாகத்தான் காய்ந்திருந்தது. அதில் எல்லோர் வீட்டு உப்பும் இருந்தது.

எட்டாம் நாள் படகு வந்தது. சாரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, துணியால் கட்டி, நான்கு பேர் நடைக்குத் தூக்கி வந்தார்கள். நான் படித்திருப்பத்தில் நின்றேன். இந்தமுறை மேல் மாடிக்கு ஏறிப்போகவில்லை. என் பங்குக் கருவாட்டைச் சாப்பிடாமல் சேர்த்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். அதை அவர் மடியில் வைத்தேன்.

"கெடாது சார். உப்பு சரியாப் போட்டது."

என் குரல் நன்றாகவே கேட்டது. கீழே படகில் இருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். படியில் இறக்கும்போது நாற்காலி சாய்ந்தது. பொட்டலம் வழுக்கியது. சார் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். பழைய கேள்வியையே கேட்டாலும் சரி, திட்டினாலும் சரி. கண்ணாடி இல்லாத கண்களால் என் பக்கம் பார்த்தார். என்னைத்தானா, எனக்குப் பின்னால் இருந்த சுவரையா என்று தெரியவில்லை. நாற்காலியைப் படகில் இறக்கினார்கள். துடுப்புக்காரர் சுவரில் கையை ஊன்றித் தள்ளினார். படகு மூழ்கிய ஷட்டர்களைத் தாண்டித் தெருமுனையில் திரும்பியது. சார் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார்.