பூச்சியும் நெட்டையும் வளர்த்த மாநாடு

அந்த மாநாடு முதன்முதலில் நடந்தபோது கருத்தரங்கக் கூடத்தைத் தர முடியாது என்று நூலக இயக்குநர் கையை விரித்துவிட்டார். புத்தகத்தைக் கணினிக்குள் போடுவதைப் பற்றிப் பேச யார் வரப்போகிறார்கள் என்பது அவர் கேள்வி. அதனால் பூச்சியும் நெட்டையும் பைண்டிங் அறையைக் கேட்டு வாங்கினார்கள். பசை வாளிகளை மூலைக்குத் தள்ளி, தாள் வெட்டும் இயந்திரத்தைப் போர்வையால் மூடி, வெள்ளைச் சுவரையே திரையாக்கினார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் வெளிநாட்டுக்காரர். வேறு வேலையாக ஊருக்கு வந்து, மழைக்கு ஒதுங்கியவர் போல உள்ளே நுழைந்தவர். அவர் வந்த தைரியத்தில்தான் மறுநாள் ‘சர்வதேச’ என்ற சொல்லைத் தனித்தாளில் எழுதி பேனரின் தலையில் ஒட்டினார்கள்.

பூச்சி அந்த நூலகத்தில் நூலகர். புத்தகப்பூச்சி என்று ஆரம்பித்து, வாய் வலிக்கிறது என்று பூச்சியாகச் சுருக்கியவள் நெட்டை. நெட்டை கணினித் துறையில் ஆராய்ச்சி செய்தவள். ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினியே படிக்கும்படி செய்வது அவள் வேலை. நூலகத்து வாசல்நிலை எதுவும் அவள் நெற்றியைச் சும்மா விட்டதில்லை. ஒருத்தியிடம் பக்கங்கள் இருந்தன, இன்னொருத்தியிடம் நிரல் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சண்டை.

“கரையான் அரிச்ச ஓட்டையைக்கூட எழுத்துன்னு படிக்குதே உன் மிஷினு!” என்பாள் பூச்சி.

“உன் புத்தகத்தைக் கரையான் தின்னது என் மிஷின் குத்தமாடி?” என்பாள் நெட்டை.

அப்படிச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்த காலம் கொஞ்சம்தான். நெட்டைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. கிளம்பும்போது பூச்சியின் முகத்தைப் பார்த்து, “எதுக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறே? மாநாடுதான் இருக்கே. வருஷா வருஷம் பாத்துக்கலாம்” என்றாள்.

சொன்னபடியே வருஷா வருஷம் பார்த்துக்கொண்டார்கள். மாநாடு ஊர் ஊராகப் போனது. பூச்சி பெட்டி கட்டும்போதெல்லாம் அவள் கணவர், “பொறந்த வீட்டுக்குப் போற மாதிரி என்ன ஒரு சந்தோஷம் பாரு” என்று கேலி செய்வார். தொடக்கத்தில் இருவரும் ஒரே விடுதி அறையில் தங்கினார்கள். கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, யாராவது அறுத்துத் தள்ளும்போது நெட்டை காதோடு எதையாவது சொல்ல, பூச்சி இருமுவது போலச் சிரிப்பை மறைப்பாள்.

பிறகு கட்டுரைகள் வந்து குவிய ஆரம்பித்தன. ஒரு வருஷம் குழுக் கூட்டத்தில், ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் அமர்வு நடத்தலாம் என்று நெட்டைதான் சொன்னாள்.

“ரெண்டு ரூம் போட்டா இங்க பேசறதை அங்க இருக்கறவங்க எப்படிக் கேப்பாங்க?” என்றாள் பூச்சி.

“எங்கெங்கேர்ந்தோ ஆளுங்க வர்றாங்கடி. இன்னமும் எல்லாரையும் ஒரு மேசையைச் சுத்தியே உக்கார வைக்க முடியுமா? நாமதானே இது வளரணும்னு ஆசைப்பட்டோம்!”

அது உண்மைதான். பூச்சியும் கையைத் தூக்கினாள்.

இரண்டு அறைகள் நாலாயின, நாலு பத்தாயின. விளம்பரதாரர்கள் வந்தார்கள், தோள்பை வந்தது, கழுத்தில் அட்டை வந்தது, எந்த அறையில் என்ன நடக்கிறது என்று சொல்லத் தனிச் செயலியே வந்தது. இருவரும் பெரிய ஆட்களாகிவிட்டதால் ஆளுக்கொரு அமர்வுக்குத் தலைமை. அதுவும் பெரும்பாலும் ஒரே நேரத்தில், வேறு வேறு மாடிகளில். விடுதிகளும் வேறு வேறாயின. ஒரு தடவை, ஒரு தீவில் நடந்த மாநாட்டில், எஸ்கலேட்டரில் பூச்சி மேலே போய்க்கொண்டிருந்தாள், நெட்டை கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். “சாப்பாட்டு நேரத்துல பாக்கலாம்டி!” என்று கத்தினாள் நெட்டை. சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சுற்றி மாணவர்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். பூச்சி தட்டோடு சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வேறு மேசைக்குப் போனாள்.

இருவருக்குள் மின்னஞ்சல் போகாத வாரமே கிடையாது. ஆனால் எல்லாவற்றுக்கும் குழுவினர் அத்தனை பேருக்கும் நகல் போகும். ஒவ்வொரு தடவையும் திரும்பும் விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் பூச்சிக்கு ஞாபகம் வரும். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கடைசியில் மாநாடு மறுபடியும் பூச்சியின் ஊருக்கே வந்தது. நடத்துகிற பொறுப்பு அவளுடையது, தொடக்க உரை நெட்டையுடையது. நிகழ்ச்சி நிரலில் ஒரு பிற்பகலை எதுவும் போடாமல் காலியாக விட்டாள் பூச்சி. சுற்றிப்பார்க்க என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். வீட்டில் மாடி அறையைச் சுத்தம் செய்து, மெத்தை நீளம் போதாதென்று காலடியில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாள். “ராணி வர்றாங்களாக்கும்” என்றார் கணவர்.

மாநாட்டுக்கு முந்தின வாரம் நெட்டையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் கணவருக்குப் பக்கவாதம் தாக்கிவிட்டது, பயணம் செய்ய முடியாது, உரையைக் காணொளியில் ஆற்றுகிறேன் என்று சுருக்கமாக நாலு வரி. குழுவினர் எல்லாருக்கும் போன அதே நாலு வரிதான் பூச்சிக்கும் வந்தது. குழுவில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தனக்கும் ஒரே நேரத்தில்தான் விஷயம் தெரிந்திருக்கிறது. உடனே போன் செய்தாள். “டாக்டர் வர்றாருடி, அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டாள் நெட்டை. பிறகு கூப்பிடவில்லை.

தொடக்க நாளன்று, மேடையை அடைத்துக்கொண்டு நின்ற திரையில் நெட்டையின் முகம் வந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் மட்டும் அதே குரல். பேசி முடித்ததும் கேள்வி நேரம். இளைஞர்கள் மைக் முன்னால் வரிசை கட்டினார்கள். முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்த பூச்சி, நடந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

“மேடம், நீங்க போய் நிக்கணுமா? நாற்காலிக்கே மைக் கொண்டுவர்றேன்” என்று ஓடிவந்தாள் ஒரு தொண்டர்ப் பெண்.

“பரவாயில்லம்மா. எல்லாரும் நிக்கறாங்க இல்ல.”

நல்லதாக ஒரு கேள்வியை மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தாள். அவள் முறை வந்தது. பெயரையும் நிறுவனத்தையும் சொல்லிவிட்டுக் கேட்கும்படி அமர்வுத் தலைவர் சொன்னார். பூச்சி வாயைத் திறந்தாள். மாநாட்டு ஆங்கிலம் வரவில்லை.

“நான் பூச்சி” என்றாள்.

திரையில் நெட்டை அப்படியே நிமிர்ந்தாள். கேமராவுக்குள் தேடுவது போல முகத்தை முன்னால் நீட்டினாள். “எங்கடி இருக்கே? எனக்கு மேடை மட்டும்தான் தெரியுது.”

“கீழே, வரிசையில நிக்கறேன். அவர் எப்படி இருக்கார்?”

“பேச்சு வரலை. வலது கை அசையலை. நான் பேசறதெல்லாம் புரியுது, கண்ணால தண்ணி விடறார்.”

“நீ சாப்பிடறியா? தூங்கறியா?”

நெட்டை உதட்டைக் கடித்துக்கொண்டது அவ்வளவு பெரிய திரையில் எல்லாருக்கும் தெரிந்தது. மொழி புரியாதவர்கள் ஏதோ நுட்பமான சந்தேகம் என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தார்கள். புரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அமர்வுத் தலைவர் தொண்டையைச் செருமி, “இதை நீங்க தனியாப் பேசிக்கலாமே மேடம்” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பின்னால் இன்னும் ஆட்கள் நின்றார்கள்.

இடைவேளையில் படிக்கட்டுக்கு அடியில் நின்று பூச்சி போன் செய்தாள். இந்தத் தடவை நெட்டை உடனே எடுத்தாள்.

“எல்லார் முன்னாடியும் அழ வெச்சுட்டியேடி. சரி விடு, அடுத்த வருஷம் எப்படியாவது வந்துடறேன்.”

“அடுத்த வருஷம் வேண்டாம். நான் அங்க வர்றேன்.”

“இங்கயா? இங்க மாநாடு எதுவும் இல்லையே!”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது நெட்டைக்கே உறைத்தது.

நிறைவு விழாவில் மாநாட்டைத் தொடங்கிய இருவருக்கும் பாராட்டு இருந்தது. அதைத் துணைத்தலைவரை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு பூச்சி விமானம் ஏறினாள். விழா ஒரு குறையும் இல்லாமல் நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, எந்த அமர்வுக்கும் ஓட வேண்டியதில்லை. ஆனால் முதல் நாள் முழுக்க அவர்கள் பேசியது மாநாட்டைப் பற்றித்தான். எந்தக் கட்டுரையை யார் நிராகரித்தது, அடுத்த வருஷம் எந்த ஊர் என்று. வேறு எதை, எங்கிருந்து தொடங்குவது என்று இருவருக்கும் பிடிபடவில்லை.

மறுநாள்தான் பூச்சி சொன்னாள். “எங்க அம்மா போய்ட்டாங்கடி.”

“ஐயோ! எப்போ?”

“அந்தத் தீவுல நடந்துச்சே மாநாடு, அதுக்கு முந்தின மாசம்.”

நெட்டை கணக்குப் போட்டுப் பார்த்து அதிர்ந்துபோனாள். “அது ஆகி எவ்வளவு வருஷமாச்சு! அங்க என்னைப் பாத்தியே, பட்ஜெட் பத்தி பேசினியே! சொல்லணும்னு தோணலையா?”

“எஸ்கலேட்டர்ல நின்னுக்கிட்டு எப்படிடி சொல்றது?”

நெட்டை தன் பங்குக்கு, பிறந்து தங்காத குழந்தையைப் பற்றிச் சொன்னாள். பூச்சிக்கு அது தெரியாது. சாயங்காலம் நெட்டை பூச்சியின் தோளில் சாய்ந்து, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். தோள் மரத்துப்போன பிறகும் பூச்சி அசையவில்லை.

லீவு தீர்ந்ததும் கிளம்ப வேண்டியிருந்தது. எல்லாம் பேசிவிட்டால் ஏக்கம் தணிந்துவிடும் என்று பூச்சி நினைத்திருந்தாள். பேசப் பேசத்தான் பேசாமல் விட்ட வருஷங்கள் எத்தனை என்று தெரிந்தது. விமான நிலையத்துக்குப் போகிற பஸ் கிளம்பிய பிறகும், மணியடித்து இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றே இருந்தது.

ஊருக்கு வந்து குழுவிலிருந்து விலகிக்கொண்டாள். மாநாடு பாட்டுக்கு வளர்ந்துகொண்டு போனது. சில மாதம் கழித்து, பேசிக்கொண்டிருக்கும்போதே நெட்டை போனைத் தன் கணவரின் காதில் வைத்தாள். அவர் ஏதோ ஒரு சொல் சொன்னார், குழறலாக. பூச்சிக்கு விளங்கவில்லை.

“நீ மறுபடி எப்போ வர்றேன்னு கேக்கறார்டி” என்றாள் நெட்டை.

அவர் கேட்டாரா, இவளே கேட்கிறாளா என்று பூச்சி விசாரிக்கவில்லை. “இரு, லீவு எப்போ கிடைக்கும்னு பாக்கறேன்” என்று எழுந்து காலண்டர் பக்கம் போனாள்.