வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய்

பரிசோதனைக்கூடக் கணினித் திரையில் எல்லாக் கோடுகளும் மேலே ஏறியிருந்தன. ஹம்சா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமியின் டிஎன்ஏ இருந்தால்தான் கோடு ஏறும். ஏறிவிட்டால் மருந்தில்லை, பட்டியில் மிச்சமிருக்கும் பன்றிகளையும் கொன்று புதைக்க வேண்டும்.

பிறகுதான் கடைசிக் கோட்டைக் கவனித்தாள். அது வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய். சோதனை சுத்தமாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள வைப்பது. தண்ணீருக்கு எங்காவது காய்ச்சல் வருமா? கிருமி மாதிரிகள் இருக்கும் அறைக்குள் போனவள், அதே வெள்ளை அங்கியோடு சோதனைக் கரைசல் கலக்கும் அறைக்குத் திரும்பியிருக்கிறாள். அங்கியில் ஒட்டி வந்தது எல்லாக் குழாயிலும் கலந்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இப்படிச் செய்தால் வறுத்தெடுத்துவிடுகிறவள், இன்று தன் தப்பை நினைத்துச் சந்தோஷப்பட்டாள். இந்தச் சோதனை செல்லாது. லீலாவதியின் பன்றிகளுக்கு இன்னொரு நாள் கிடைத்தது.

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் லீலாவதி அவளுக்குப் பக்கத்து இடம். இவள் சர்க்கார் குவார்ட்டர்ஸ், அவள் மதராசி கேம்ப் குடிசை. குளிர்கால மதியங்களில் வெயிலைத் தேடிப் போய் மைதானத்து ஓரம் உட்கார்ந்து டப்பாக்களை மாற்றிக்கொள்வார்கள். தயிர்சாதம் அங்கே போகும், கருவாட்டுக் குழம்பு இங்கே வரும். அம்மா மோப்பம் பிடித்துவிடுவாள் என்று ஹம்சா குழாயடியில் வாய் கொப்பளித்துத் தள்ளுவாள். பக்கத்தில் நின்று சிரித்துச் சிரித்தே லீலாவதிக்குப் புரையேறிவிடும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ பேரோடு சாப்பிட்டாயிற்று, அப்படி ஒரு ருசி வாய்க்கவில்லை.

சர்க்கார் கேம்ப்பை இடித்ததும் லீலாவதி ஊர்க்கோடியில் இருக்கும் நரேலாவுக்குப் போனாள். வீட்டு வேலை பார்த்த இடங்களெல்லாம் எட்டாத தூரமாகிவிட, இருந்த நகையை விற்றுப் பன்றி வாங்கினாள். போன வாரம் அவற்றில் சில சுருண்டு விழுந்து செத்தன. அவற்றின் ரத்தம்தான் ஹம்சாவிடம் சோதனைக்கு வந்திருந்தது.

கிருமி அறைக்குள் போனவர் அன்றைக்குக் கலக்கும் அறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. எனவே மறுநாள் காலை ஹம்சா துவைத்த அங்கியோடு வந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தாள். தண்ணீரின் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. மற்றவை ஒன்றுவிடாமல் ஏறின.

அறிக்கை மேலே போய், அங்கிருந்து ஆட்கள் வந்துதான் லீலாவதிக்கு விஷயம் தெரிய வேண்டும். அதுதான் முறை. ஹம்சாவுக்கு மனசு கேட்கவில்லை. அறிக்கையை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள்.

"லீலா, மறுபடியும் பார்த்துட்டேன்டி. அந்தக் காய்ச்சலேதான்."

"உன் கையில தப்பு ஒண்ணும் இல்லியே?"

"நேத்து இருந்தது. இன்னிக்கு இல்லை."

லீலாவதி அழவில்லை. ஆட்கள் எப்போது வருவார்கள் என்று மட்டும் கேட்டாள். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார்கள் என்றாள் ஹம்சா.

"அச்சா. இப்பதான் தீனி போட்டேன். தின்னு முடிக்கட்டும்."

அவள் போனை வைக்கவில்லை. ஹம்சாவும் வைக்கவில்லை. தொட்டிக்குள் மூக்கை விட்டு, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு அவை சப்புக்கொட்டித் தின்னும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.