சுவரில் குடியிருந்தவை

“பூச்சிதானே செத்துச்சு ஏட்டி. ஆளா செத்துப்போச்சு?”

“பூச்சின்னா சாகலாமா? யாரு சொன்னது?”

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர்கள் மெலிசு. பக்கத்து வீட்டுச் சுடலையும் அவர் பெண்டாட்டி ராமலட்சுமியும் சண்டை போட்டால் காது கொடுக்கிற சிரமம்கூட இல்லை. இருந்தாலும் நான் முறத்தோடு வாசலுக்கு வந்தேன். அரிசி புடைக்க வெளிச்சம் வேண்டாமா?

அவர்கள் வீட்டு வெளிச்சுவரில் ஒரு ஓட்டை. அதற்குள் கொசுத்தேனீக்கள். கொட்டத் தெரியாதவை. ஓட்டை வாயில் மெழுகால் விரல் நீளத்துக்கு ஒரு குழல் கட்டியிருக்கும். முந்தின வருஷம் எல்லா வீட்டுக்கும் சிமெண்ட் பூசியபோது ராமலட்சுமி குறுக்கே நின்று அந்தக் கையகல இடத்தை மட்டும் விட வைத்தாள். கொத்தனார் சிரித்தார். நானும்தான். தேனாவது எடுக்கிறாயா என்று கேட்டேன்.

“ஒரு சொட்டு எடுத்ததில்ல மதினி. எனக்கு முன்னாலயே குடி வந்ததுக. நான் யாரு அதுகளைக் கேக்க?”

சுடலை ஏலச்செடிக்குப் பூச்சிமருந்தடிக்கிற ஆள். மருந்து பட்ட சட்டையை வீட்டுக்குக் கொண்டுவராமல் ஷெட்டிலேயே போட்டுவிட்டு வருவது இங்கே வழக்கம். இரண்டு வாரம் விடாத மழை. ஷெட்டில் எதுவும் காயவில்லை. சனிக்கிழமை சுள்ளென்று வெயில் அடித்ததும் ஈரச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெயில் விழுந்தது அந்தச் சுவரில்தான். அங்கே ஆணி இருக்கிறதே என்று சொன்னவள் நான். பக்கத்திலேயே ஓட்டை இருப்பது அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. சட்டை ஓட்டையை மூடிக்கொண்டு சாயங்காலம் வரை தொங்கியது.

மறுநாள் காலையில் சுவரடியில் எள்ளைக் கொட்டினாற்போல் தேனீக்கள் கிடந்தன. ராமலட்சுமி உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தாள். சிலவற்றுக்குக் கால் அசைந்தது.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஜோஸ் வந்தார். சமாதானம் பண்ணுகிறாராம்: “கஷ்டந்தான். இதுக பூவுல உக்காந்தாத்தானே நமக்கு ஏலம் காய் பிடிக்கும்.”

“காயே பிடிக்காட்டாலும் செத்தது செத்ததுதான் சாரே.” அவள் குரல் இறங்கிவிட்டது. கத்தினபோது எனக்குப் பயமில்லை, இப்போது இருந்தது.

சுடலை விடவில்லை. “யாருக்கும் பிரயோசனமில்லாததுக்கு இம்புட்டு அழுகையா? அதுக எதுக்குத்தான் இருந்துச்சு?”

“நீங்க எதுக்கு இருக்கீங்க?”

அவர் குனிந்து சுவரடியைப் பார்த்தார். மருந்தடிக்க என்று சொல்லியிருக்கலாம். நான் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் வம்பெல்லாம் என் வாயில் நிற்காது. ஆணி விஷயம் மட்டும் நின்றுவிட்டது.

மூன்று நாள் நாலைந்து தேனீக்கள் குழலைச் சுற்றின. பிறகு அவையும் வரவில்லை.

இனி மருந்தடிக்க மாட்டேன் என்று சுடலை சொல்லிவிட்டார். தோட்டத்தில் வேறு வேலை கிடைக்காமல், அடுத்த மாதமே பீர்மேட்டில் ஒரு தேயிலை ஃபேக்டரிக்குப் போனார். ராமலட்சுமி அவரோடு போகவில்லை. தை மாதம் அவர்கள் மகள் மோனிஷாவுக்குக் கம்பத்தில் கல்யாணம். இருவரும் வந்தார்கள், மணமக்களை நடுவில் விட்டு ஆளுக்கொரு பக்கம் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். சாப்பாடு முடிந்ததும் அவர் குமுளி பஸ் ஏறினார். அவள் என்னோடு கம்பம்மெட்டு ஜீப்பில் ஏறினாள். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன், ஆணி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு.