பருந்துக் கண் வேண்டும்

சோளப்பொரி மூன்றாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டிருந்தாள். "பருந்துக் கண் உள்ளவங்க யாராவது பாருங்களேன். ரெண்டாவது கோடு தெரியுதா?" கீழே அதே வெள்ளைக் கர்ப்பச் சோதனைக் குச்சி, அதே பூப்போட்ட மேசைவிரிப்பு. கோணம் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. ஹேரான், தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி கைப்பேசியை இடுப்புக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்து, படத்தை விரலால் அகட்டிப் பார்த்தாள். ஒரு கோடுதான். காலையில் போட்ட படத்திலும் ஒரு கோடுதான், பத்து மணிக்குப் போட்டதிலும் ஒரு கோடுதான். பிள்ளைக்காக ஏங்குகிறவர்கள் கூடும் 'விதைப்பாத்தி' இணையக் குழுவில் ஏழு வருஷமாக இந்தக் குச்சிகளைப் பார்த்துப் பார்த்து, கோடு இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணைச் சிமிட்டும் முன்பே சொல்லிவிடுகிற அளவுக்கு அவள் தேறியிருந்தாள்.

சொல்வதுதான் இல்லை. அதற்குப் பதிலாக, குழுவுக்குக் காவல் இருப்பவர்களில் ஒருத்தியாகத் தானே எழுதிவைத்த நான்கு வரியை ஒட்டினாள். 'அறிவிப்பு எண் மூன்றைப் படிக்கவும். கேட்கும் முன் தேடிப் பார்க்கவும். ரத்தப் பரிசோதனைக்கு முன் வீட்டில் சோதிப்பதைத் தவிர்க்கவும். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் பதிவு நீக்கப்படும்.' பிறகு பதிவை நீக்கினாள். சோளப்பொரி ஒரு வாரம் குழுவில் எதுவும் எழுத முடியாதபடி வாய்ப்பூட்டும் போட்டாள்.

"அம்மா, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார் சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர். இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டியபடி அவர் அவ்வளவு நேரமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஹேரான் மறந்தே போயிருந்தாள்.

"மன்னிச்சிருங்க ஐயா. இன்னொரு தடவை பாருங்க. இது தெளிவா, இதுவா?"

"அதைத்தான் அப்பவே கேட்டியே. எது சரியோ அதையே நீயே போட்டுரு. கண்ணு என்னோடதா இருந்தாலும் படிப்பு உன்னோடதுதானே."

ஹேரானுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் எத்தனை தடவை இதே கேள்வியை அவளே கேட்கிறாள். இங்கே சம்பளம் கிடைக்கிறது, அங்கே கிடைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குழுவில் அவள் பெயர் பூசணி. பாதிப் பேர் அங்கே காய்கறிதான். புதிதாக வருகிறவள் விதை. ஓர் அறிமுகப் பதிவும் பத்துப் பின்னூட்டமும் எழுதினால், காவல் இருப்பவர் பார்த்து அவளை முளையாக்குவார். முளையானால்தான் கேள்வி கேட்கலாம். பிள்ளை உண்டானால் அது அறுவடை. அறுவடையானவள் ஒரு நன்றிப் பதிவு போட்டு, "என் கர்ப்ப வைரஸை எல்லாருக்கும் தூவிட்டுப் போறேன்" என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவாள். மற்றவர்கள் கீழே "ஒட்டிக்கிட்டேன்", "எனக்கும் ஒரு பிடி" என்று வரிசையாக எழுதுவார்கள். போனவள் திரும்பி வருவதில்லை. கிடைத்தவர்கள் எல்லாரும் போய்விட, கிடைக்காதவர்கள் மட்டும் மூத்தவர்களாகி, புதிதாக வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலையும் அவர்கள் தலையில் விழுந்தது. மாடிப்படி ஏறலாமா, காப்பி குடிக்கலாமா, காலுறை போடாவிட்டால் கரு ஒட்டாதாமே, அடிவயிறு இழுக்கிறதே நல்லதா கெட்டதா. பாடின பாட்டையே பாடிப் பாடி ஹேரானுக்குத் தொண்டை வற்றிவிட்டது. விரலால் தேடாமல் வாயால் கேட்கிறவர்களுக்குக் குழுவில் 'விரல் இளவரசி' என்று பெயர். அந்தப் பெயரை அவளும் சிலருக்கு வைத்திருக்கிறாள்.

மதியம் தேக்யு கூப்பிட்டான். அவள் கணவன், பேருந்துப் பணிமனையில் இயந்திரம் பார்க்கிறவன்.

"சேத்துமீன் சூப் வாங்கிட்டு வரவா? கரு ஒட்டறதுக்கு நல்லதுன்னு உங்க குழுவுலயே போட்டிருக்காமே."

"அதை எழுதினதே நான்தான். வேண்டாங்க, நாலு தடவை குடிச்சாச்சு. மீனுக்குத்தான் நஷ்டம்."

"சரி, எனக்காகக் குடி. எனக்குப் பசிக்குது." பிறகு சேர்த்துச் சொன்னான், "திங்கட்கிழமை லீவு சொல்லிட்டேன். நானும் வர்றேன்."

திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனை. உறைய வைத்திருந்த கருக்களில் கடைசி ஒன்றைப் போன வாரம் அவள் கருப்பையில் வைத்தார்கள். இதோடு நிறுத்திக்கொள்வது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்தது பணத்துக்காக இல்லை. ஒவ்வொரு தடவையும் தோற்ற பிறகு தேக்யு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவதை இனிமேலும் கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியாது. இதுதான் கடைசி முறை என்பதைக் குழுவில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. வீட்டில் சோதிக்காதீர்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்தவள், தன் விஷயத்திலும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தாள்.

கடையில் ஆள் ஓய்ந்த நேரத்தில் சோளப்பொரியிடமிருந்து தனிச்செய்தி வந்தது. வாய்ப்பூட்டுப் போட்டால் தனிச்செய்தியில் வந்து திட்டுவார்கள், அது வழக்கம்தான். அலுப்போடு திறந்தாள்.

"பூசணி அக்கா, நான் தேடிப் பார்த்தேன். நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தேடினேன். ராத்திரி பூரா பார்த்தேன். அங்க இருக்கிறது எல்லாம் மத்தவங்க கோடுதான் அக்கா. என்னோடது எங்கயும் இல்ல."

ஹேரான் அதை இரண்டு தடவை படித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. அந்த அறிவிப்பை எழுதிய நாள் அவளுக்கு நினைவிருந்தது. அன்று காலையிலிருந்து பதினோரு பேருக்கு "இல்லை" என்று சொல்லியிருந்தாள். பன்னிரண்டாவது ஆளுக்குச் சொல்லக் கை வரவில்லை. சட்டம் போட்டுவிட்டால் "இல்லை" என்கிற வார்த்தையைச் சொல்லாமல் தப்பிக்கலாம் என்றுதான் அதை எழுதினாள். வெளியே அது கண்டிப்பாகத் தெரிந்தது. உள்ளே வெறும் பயம்.

எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் இரண்டு தெரு தள்ளிப் போய்க் குச்சி வாங்கினாள். கட்டடத்தின் பொதுக் கழிப்பறையில் பூட்டிக்கொண்டு சோதித்தாள். கடைக்கு வந்து, லென்ஸ் துடைக்கிற நீலத்துணியை மேசையில் விரித்து, அதன்மேல் குச்சியை வைத்தாள். முதல் கோடு அழுத்தமாக விழுந்தது. இரண்டாவது கோடு விழ வேண்டிய இடத்தில் ஏதோ இருந்தது. அல்லது இருக்க வேண்டும் என்று அவள் நினைத்த இடத்தில் வெறும் ஈரம் இருந்தது. சில குச்சிகளில் மருந்தின் நிழலே கோடு மாதிரி ஏமாற்றும், அதையும் அறிவிப்பில் எழுதியிருக்கிறாள். விளக்கடியில் பார்த்தாள், சன்னலருகே பார்த்தாள், படமெடுத்து நிறத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான பெண்களின் கோடுகளை நொடியில் படித்த கண்ணுக்குத் தன்னுடையது பிடிபடவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

பூசணி என்ற பெயரில் கேட்க முடியாது. கேட்டால் குழுவே திரண்டு வந்து "கட்டாயம் தெரியுது" என்று சொல்லும், அன்பினால் பொய் சொல்லும். அவளுக்கு அன்பு வேண்டாம், யாராவது பார்த்தால் போதும். ஒரு புதுக் கணக்கைத் தொடங்கி, சுரைக்காய் என்று பெயர் வைத்தாள். 'வணக்கம், நான் புதுசு' என்று அறிமுகம் எழுதும்போது கூச்சமாக இருந்தது. பிறகு பத்துப் பின்னூட்டம். 'சூப்பர்', 'ம்ம்' போன்ற ஒற்றை வார்த்தைகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதி வைத்த மகராசியும் அவள்தான். ஆகவே பத்துப் பேருடைய பதிவையும் உட்கார்ந்து முழுசாகப் படிக்க வேண்டியிருந்தது. மாமியார் வாங்கித் தந்த கஷாயம் கசக்கிறது என்று ஒருத்தி. தங்கையின் பிள்ளைக்கு முதல் பிறந்த நாள், போகாமலிருக்க என்ன காரணம் சொல்லலாம் என்று இன்னொருத்தி. பல வருஷமாக இவற்றைத் தலைப்பை மட்டும் பார்த்து இங்கும் அங்கும் மாற்றிக்கொண்டிருந்தாள். "காய்ச்சல்னு சொல்லிடுங்க, காய்ச்சல்னா யாரும் கிட்ட வரமாட்டாங்க" என்று எழுதினாள். அவள் தானே ஒருமுறை சொன்ன பொய்தான் அது.

பத்தும் முடிந்தது. முளையாக்கக் கோரி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு பெண்மணி பிரேம் பார்க்க வந்து, ஒன்பதைப் போட்டுக் கழற்றி, ஒன்றும் வாங்காமல் போனாள். அப்போதும் அனுமதி வரவில்லை. இப்படியா ஒரு பெண்ணைக் காக்க வைப்பார்கள், இன்றைக்குக் காவலில் இருக்கிற சோம்பேறி யார் என்று வாய்விட்டுத் திட்டிய பிறகுதான் உறைத்தது. சனிக்கிழமை காவல் அவளுடைய முறை. வரிசையில் சுரைக்காய்க்கு முன்னால் ஆறு பேர் காலையிலிருந்து காத்திருந்தார்கள். பூசணியாக உள்ளே போய் ஆறு பேரையும் முளையாக்கினாள். ஏழாவதாகத் தன்னையும் ஆக்கினாள்.

"பருந்துக் கண் உள்ளவங்க யாராவது பாருங்களேன். ரெண்டாவது கோடு தெரியுதா?" வேறு மாதிரி எழுதத்தான் நினைத்தாள். வேறு வார்த்தை வரவில்லை.

முதல் பதில் வெங்காயத்தாளிடமிருந்து வந்தது. குழுவைத் தொடங்கியவள், அறுவடையாகியும் போகாமல் தங்கிவிட்ட ஒரே ஆள். 'அறிவிப்பு எண் மூன்றைப் படிக்கவும். கேட்கும் முன் தேடிப் பார்க்கவும்...' ஹேரான் எழுதிய நான்கு வரிதான், ஒரு புள்ளி மாறாமல் அப்படியே இருந்தது. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நூற்றுச் சொச்சம் பேர் பார்த்துவிட்டுப் போனதாகக் கணக்குக் காட்டியது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மூத்தவர்கள் களைத்துப் போயிருந்தார்கள், அவளைப் போலவே.

அவள் பூசணியாக மறுபடி உள்ளே போய், சோளப்பொரியின் வாய்ப்பூட்டை எடுத்தாள். நீக்கிய பதிவைத் திரும்ப வைத்தாள். அதன் கீழே நிதானமாக எழுதினாள். "மூணு படத்தையும் பார்த்தேன்மா. இன்னிக்கு எனக்கு ஒரு கோடுதான் தெரியுது. இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாமத்தான் நீக்கினேன். நாளைக்குக் காலையில போடுங்க. மறுபடி பார்க்கிறேன்."

கைப்பேசி அதிர்ந்தது. வெங்காயத்தாள்தான். பின்னால் அவள் மகன் எதற்கோ கத்திக்கொண்டிருந்தான்.

"ஏ பூசணி, உனக்கென்ன கிறுக்கா? நீ போட்ட சட்டத்தை நீயே மிதிக்கிற. இனிமே ஒவ்வொருத்தியும் தினம் நாலு படம் போடுவா."

"போடட்டும் அக்கா."

"யார் பார்க்கிறது?"

"தெரியல."

வெங்காயத்தாள் மகனை அதட்டிவிட்டு எங்கோ கதவைச் சாத்தினாள். சத்தம் அடங்கியது. குரல் இறங்கியிருந்தது. "அந்தச் சுரைக்காய் படத்துல குச்சிக்குக் கீழ ஒரு நீலத்துணி இருக்கு. ஓரத்துல உங்க கடைப் பேரு. போன வருஷம் எனக்கும் ஒண்ணு அனுப்பினியே."

ஹேரான் துணியைப் பார்த்தாள். இத்தனை நேரம் கோட்டைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படவேயில்லை.

"தெரியாமத் திட்டிட்டேன்டி."

"நான் எழுதினதைத்தானே ஒட்டினீங்க. பரவாயில்ல." ஹேரான் துணியில் கடைப் பெயர் இருந்த ஓரத்தை மடித்தாள். "இதுதான் கடைசி அக்கா. இனிமே வைக்க ஒண்ணும் இல்ல. நீங்க படத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"தெரியுதா?"

"சொல்ல மாட்டேன். நான் என்ன சொன்னாலும் நீ நம்பிடுவ. திங்கட்கிழமை வரைக்கும் அதைச் சுமக்கிறது நீதான்."

வெங்காயத்தாள் இணைப்பைத் துண்டித்த பிறகும் ஹேரான் கைப்பேசியைக் காதிலேயே வைத்திருந்தாள். அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டாள். எதிர்ப்பக்கத்தில் தேக்யு பாத்திரப்பையோடு சாலையைக் கடக்கப் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லியும் சூப்பை வாங்கி வந்துவிட்டான்.

சுரைக்காய்க்கு ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. சோளப்பொரி.

"வாய்ப்பூட்டை இப்பதான் எடுத்தாங்க, உடனே உங்களுதைப் பார்த்தேன். பெருசாக்கிப் பார்த்தேன், நெகட்டிவா மாத்திப் பார்த்தேன், பால்கனியில வெயில்ல வச்சும் பார்த்தேன். ஒரு தடவை தெரியுது, ஒரு தடவை தெரியல. எனக்கு அனுபவம் இல்லங்க. ஆனா போயிடலை, இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். வேற வெளிச்சத்துல இன்னொண்ணு போடுறீங்களா?"

விளக்கு பச்சைக்கு மாறியது. தேக்யு பையைச் சாயவிடாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். ஹேரான் நீலத்துணியை உருவி எடுத்துவிட்டு, குச்சியைக் கடைமுகப்புக்குக் கொண்டுபோனாள். பிரேம்கள் அடுக்கிய கண்ணாடித் தட்டின்மேல், சாயங்கால வெயில் விழுகிற இடத்தில் அதை வைத்தாள். முதல் படம் கலங்கிவிட்டது. இன்னொன்று எடுத்தாள். அதே கேள்வியை மறுபடியும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தபோது தேக்யு தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல், பக்கத்தில் வந்து குச்சியைப் பார்க்கக் குனிந்தான்.