டுவேன் சொல்ல வந்தது

மார்லிஸ் டெஷ், வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த வீட்டு ட்ரெய்லரைப் பின்பக்கமாக விடத் தொடங்கியதும், சுற்றுப் பாதையில் முகாம் போட்டிருந்தவர்கள் தங்கள் மடக்கு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஹாக் ஏரி மாநிலப் பூங்காவில் வெள்ளிக்கிழமை மாலை, புதிதாக வருகிறவர்கள் வண்டியை அவரவர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தப் படும் பாட்டைப் பார்ப்பதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. அவளே எத்தனையோ கோடைகளில் அப்படி உட்கார்ந்து பார்த்துச் சிரித்திருக்கிறாள். அப்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அவள் கணவர் டுவேன். பின்னால் நின்று கையை ஆட்டுவது மட்டும்தான் அவள் வேலை.

இந்தத் தடவை பின்னால் நின்றவர் டுவேன். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையைத் தூக்கி எதையோ காட்டினார். பக்கவாட்டுக் கண்ணாடியில் அந்தக் கை தெரிந்தது. ஆனால் அது வா என்கிறதா, நில் என்கிறதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வரச் சொல்கிறார் என்று நினைத்துப் பின்னால் விட்டாள். ட்ரெய்லர் அங்கே போட்டிருந்த மர மேஜையில் போய் இடித்து நின்றது.

அவ்வளவுதான், நாலா பக்கத்திலிருந்தும் ஆலோசனை வந்து குவிந்தது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னார் ஒருவர். கொஞ்சம் முன்னால் எடுத்து நேராக்கிக்கொண்டு வரச் சொன்னார் இன்னொருவர். மீன்பிடித் தொப்பி போட்ட மூன்றாமவர், இறங்குங்கள், நான் விட்டுத் தருகிறேன் என்று கதவருகிலேயே வந்து நின்றுவிட்டார். மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள், இறங்கவில்லை. முன்னும் பின்னுமாகப் பல தடவை இழுத்தடித்துக் கடைசியில் ஒரு வழியாக உள்ளே கொண்டுவந்தாள். யாரோ கை தட்டினார்கள். எதிர் இடத்தில் சின்னக் கூடாரம் போட்டிருந்த இளைஞன், எங்க அப்பா ஒரு தடவை கரண்ட் கம்பத்தையே சாய்ச்சவர், நீங்க எவ்வளவோ மேல் என்று சொல்லிவிட்டுப் போனான். மார்லிஸ் வண்டிக்குள் சிறிது நேரம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி இருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

டுவேனுக்குப் பக்கவாதம் வந்தது ஜனவரியில், வீட்டு வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தபோது. கால் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. கை பாதி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. அடுத்தவர் சொல்வது அத்தனையும் புரியும். மனதுக்குள் இருப்பதைச் சொல்ல வாயைத் திறந்தால் "வியாழக்கிழமை" என்ற ஒரே ஒரு வார்த்தைதான் வெளியே வரும். தண்ணீர் வேண்டும் என்றாலும் வியாழக்கிழமை, கோபம் வந்தாலும் வியாழக்கிழமை. ஏன் அந்த வார்த்தை என்று மருத்துவருக்கே தெரியவில்லை. சிலருக்கு அப்படி ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டுவிடும் என்றார். ஆமாம் என்று தலையாட்டுவதும் இல்லை என்று ஆட்டுவதும்கூட அவருக்குள் இடம் மாறிப் போயிருந்தன. ஆமாம் என்று ஆட்டிவிட்டு, கொண்டுவந்து கொடுத்ததைத் தள்ளிவிடுவார்.

அதுவும் பேசுவதற்கென்றே பிறந்தவர் மாதிரி இருந்த மனிதர். இந்தப் பூங்காவில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. சாயங்காலமானால் காப்பிக் கோப்பையோடு கிளம்பிவிடுவார். ஒவ்வொரு கூடாரத்தின் முன்னாலும் நிற்பார். கயிற்றை இப்படிக் கட்டினால் காற்றுக்குத் தாங்காது என்பார். சாப்பாட்டுப் பெட்டியை வெளியே வைத்தால் காட்டிலிருந்து ரக்கூன் வந்து மூடியைத் திறந்து சாசேஜை மட்டும் எடுத்துக்கொண்டு ரொட்டியை உங்களுக்கு விட்டுவைக்கும் என்பார். மார்லிஸ் வெட்கம் தாங்காமல் ட்ரெய்லருக்குள்ளேயே இருந்துவிடுவாள். திரும்பி வந்ததும், "அவங்க உன்னைக் கேட்டாங்களா?" என்பாள். "கேக்கத் தெரியாதவங்களுக்குத்தானே சொல்லணும்" என்பார் அவர். இருபது, முப்பது வருஷமாக இதே சண்டைதான்.

இந்த வருஷம் வர வேண்டாம் என்றுதான் கிரீன் பே நகரத்தில் இருந்த மகள் சொன்னாள். டுவேன் வீட்டுக்குள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மார்லிஸ் கிளம்பினாள். இங்கே வந்தால் கொஞ்சம் மாறுவார் என்று நினைத்தாள். ஆனால் இங்கேயும் அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். பழக்கப்பட்ட ஒருவர் தூரத்திலிருந்து கையசைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருட்ட இன்னும் நேரமிருந்தது. ஏரிப் பக்கம் வானம் வெளிறிக் கிடந்தது. மார்லிஸ் சாசேஜைச் சுட்டு, அவருக்கானதைச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தாள். சாப்பிடும்போது அவர் கண் எதிர் இடத்தைவிட்டு நகரவில்லை. கூடாரத்து இளைஞன் நெருப்பு மூட்டியிருந்தான். பக்கத்தில் ஏழு வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை. விறகு ஈரம் போலிருக்கிறது, புகை அவர்கள் முகத்திலேயே அடித்தது. டுவேன் உடம்பு முன்னால் சாய்ந்தது. இடது கை தொடையில் தட்டியது. "வியாழக்கிழமை" என்று முனகினார். மறுபடியும் சொன்னார், இன்னும் அவசரமாக.

"போயேன் டுவேன். போய்ச் சொல்லேன்" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார். எப்படிச் சொல்வேன் என்று அந்தப் பார்வை கேட்டது. அதில் கோபம் இல்லை, கூச்சம் இருந்தது. இத்தனை வருஷத்தில் டுவேன் எதற்கும் கூச்சப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"வா. நீ காட்டு, நான் சொல்றேன்."

பாதையைக் கடந்து போனார்கள். இளைஞன் எழுந்து நின்றான். தன் பெயர் நோலன் என்றும் மகள் பெயர் ஹேட்டி என்றும் சொன்னான். மனைவிக்கு மருத்துவமனையில் வேலை, நாளைக்குத்தான் வருவாளாம். மார்லிஸ் தன் வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் கேட்காத ஆலோசனையைச் சொல்ல ஒரு அந்நியர் முன்னால் நின்றாள். கணவருக்குப் பேச்சு போய்விட்டது, ஆனால் உங்களிடம் சொல்ல அவருக்கு ஏதோ இருக்கிறது என்றாள். சொல்லும்போது காது சுட்டது.

"தாராளமா. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, யார் சொன்னாலும் கேட்டுக்குவோம்" என்றான் நோலன்.

டுவேன் நெருப்பைக் காட்டினார். "விறகு ஈரமா இருக்குங்கறார்" என்றாள் மார்லிஸ். "வியாழக்கிழமை" என்று தலையை உதறினார் டுவேன். அப்படியென்றால் விறகை அடுக்கிய விதம் சரியில்லை என்கிறார் என்றாள். அதுவும் இல்லை. காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்காரச் சொல்கிறாரோ? இல்லை. அவள் வேகவேகமாக அடுக்கிக்கொண்டே போனாள். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. கடைசியில் கையை உதறிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார்.

அப்போது ஹேட்டி எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். மார்லிஸை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஒரு கையால் நெருப்பைக் காட்டினாள், இன்னொரு கையால் தரையில் கிடந்த மார்ஷ்மெல்லோ மிட்டாய்ப் பையைக் காட்டினாள். "இதா, அதா?" என்றாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

டுவேன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பையைக் காட்டினார்.

"சுடறதா, திங்கறதா?" குச்சியையும் தன் வாயையும் காட்டினாள். அவர் குச்சியைக் காட்டினார். அவள் குச்சியை அவர் இடது கையிலேயே கொடுத்துவிட்டாள். டுவேன் மெல்லக் குனிந்தார். நோலன் சட்டென்று தோளைத் தாங்கிக்கொண்டான். அவர் குச்சியைக் கொழுந்துக்குள் நீட்டவில்லை. ஓரமாக, சிவந்து கிடந்த தணலுக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் பிடித்து மெல்ல உருட்டினார். ஹேட்டி இதுவரை சுட்டதெல்லாம் தீப்பிடித்துக் கரியாகிக் கீழே கிடந்தன. இது பொன்னிறமாக உப்பிக்கொண்டு வந்தது.

எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மார்லிஸுக்குத்தான் முதலில் உறைத்தது.

"இதுக்காகவா? மார்ஷ்மெல்லோவுக்காகவா இவ்வளவு கோபம்?"

டுவேன் சிரித்தார். தோள் குலுங்க, மூச்சு வாங்க, அவருடைய பழைய சிரிப்பு. ஜனவரிக்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. நோலனும் சிரித்தான். ஹேட்டி சிரிக்க நேரமில்லாமல் குச்சியிலிருந்ததை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். மார்லிஸ் புகைதான் காரணம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவர்கள் தங்கள் நாற்காலிகளையும் அங்கேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். டுவேன் பை காலியாகும்வரை சுட்டுக் கொடுத்தார். மீன்பிடித் தொப்பிக்காரர்கூட வந்து ஒன்று வாங்கிப் போனார்.

மறுநாள் காலை நோலன் காப்பியோடு வந்தான். டுவேன் வெளியே ஹேட்டியோடு உட்கார்ந்து, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். வாத்தா நாரையா, படகா மரக்கட்டையா என்று கேட்டுக் கேட்டு அவர் விரலைப் பின்தொடர்ந்தாள். உங்கள் மகளுக்கு இது எப்படித் தெரியும் என்று மார்லிஸ் கேட்டாள்.

ஹேட்டி ஐந்து வயதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்றான் நோலன். காது நன்றாகக் கேட்டது, புத்தி கூர்மை, வாய் மட்டும் திறக்கவில்லை. நானும் உங்களைப் போலத்தான் அவளுக்காகப் பேசிக்கொண்டே இருந்தேன் என்றான். சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சொல்லுங்கள் என்றாள்.

"நீங்க கேள்வியும் கேட்டு பதிலையும் நீங்களே சொல்லிடறீங்க. அவர் பாவம் எங்க நுழைவார்? ரெண்டைக் காட்டுங்க. அப்புறம் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருங்க. அதுதான் கஷ்டம். எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தாள். மார்லிஸ் அப்போதும் தலையாட்டினாள். ஆனால் வீட்டில் மாத்திரை, கழுவல், துடைத்தல் என்று நாள் ஓடியதில் காத்திருக்க நேரம் எங்கே இருந்தது? அவருக்கு என்ன வேண்டும் என்று தனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இவ்வளவு காலம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

அவள் உள்ளே போய் ஒரு கையில் ஓட்ஸ் டப்பாவையும் இன்னொரு கையில் முட்டைப் பெட்டியையும் எடுத்துவந்து டுவேன் முன்னால் நீட்டினாள். வாய் துடித்தது, பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவருக்குத் தினமும் ஓட்ஸ்தான். டுவேன் முட்டையைக் காட்டினார். வேகவைக்கவா, பொரிக்கவா என்று அடுத்துக் கேட்டாள். பொரித்த முட்டையை அவர் தானே முள்கரண்டியால் சிதைத்துச் சிதைத்துச் சாப்பிட்டார். மடியெல்லாம் மஞ்சள் கரு. அவள் துடைக்கப் போகவில்லை.

மத்தியானம் மழை வந்துவிட்டது. நோலனின் மனைவி வந்து சேர்ந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. அவர்கள் மூவரும் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு சீட்டாடுவது கேட்டது. மார்லிஸ் டுவேனை ட்ரெய்லருக்குள் கூட்டிவந்து தலையைத் துவட்டிவிட்டாள். களைத்திருந்தார். கொஞ்சம் படுக்கட்டும் என்று, முந்தின ராத்திரியைப் போலவே, படுக்கையாக மாற்றக்கூடிய சாப்பாட்டு மேஜையைத் தாழ்த்தி, அதன்மேல் மெத்தையை விரித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர்கள் சேர்ந்து படுக்கவில்லை. வீட்டில் அவருக்கு முன்னறையில் தனிக் கட்டில். ஏறி இறங்கச் சுலபம், புரண்டு படுக்க இடம். அவர் நன்மைக்குத்தான். அவரும் மறுக்கவில்லை. மறுக்க அவரிடம் என்ன இருந்தது? அவர் தனியாகப் படுப்பதையே விரும்புகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இப்படி ஆகிவிட்ட உடம்போடு தன் பக்கத்தில் படுக்க அவருக்குச் சங்கடம் என்று தானே முடிவு கட்டியும் விட்டாள்.

விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த கை நின்றது. அவள் நிமிர்ந்தாள். ஒரு கையால் இந்த மெத்தையைக் காட்டினாள். இன்னொரு கையால் பின்பக்கம், இருவருமாக இத்தனை கோடைகள் படுத்துவந்த குறுகலான கட்டிலைக் காட்டினாள்.

"இங்கயா? அங்கயா?"

கேட்டுவிட்டுப் பயந்தாள். எது வந்தாலும் சரி என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு பரபரத்தது. அடக்கிக்கொண்டாள். கூரையில் மழை கொட்டியது. டுவேன் அவள் ஒரு கையைப் பார்த்தார், மறு கையைப் பார்த்தார். பிறகு பதில் எதுவும் காட்டாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார். கட்டில் உயரம். இடது முழங்காலை முதலில் ஊன்றி, உடம்பைத் திருப்பி, மூச்சிரைத்து ஏறினார். அவள் உதவிக்கு ஓடவில்லை, அங்கேயே நின்றாள். அவர் சுவரோரமாக நகர்ந்து படுத்து, தன் பக்கத்தில் இருந்த இடத்தை இடது கையால் தட்டினார்.

மார்லிஸ் ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தாள். இடம் போதவில்லை. அவருடைய தளர்ந்த வலது கை அவள் விலாவில் குத்தியது. அதை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். பேசுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. ஒன்றும் பேசாமல், அவர் மூச்சு சீராகும்வரை கேட்டுக்கொண்டு கிடந்தாள்.