அழுக்குச் சட்டை

கணவரின் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நகக்கண்ணில் ஏறியிருந்த கறுப்பைத் தீக்குச்சியால் அவள் நோண்டிக்கொண்டிருந்தபோது பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் மலர்வளையத்தோடு உள்ளே வந்தார். குதிரைக் குளம்புக்குப் பூசுகிற எண்ணெயின் கறுப்பு அது. கல்யாணத்தன்று கூட அது முழுதாகப் போகவில்லை. கை விறைத்துவிட்டிருந்தது. அவள் அடுத்த விரலைப் பிடித்தாள்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

"என்ன உதவி வேணும்னாலும் கூச்சப்படாம கேளும்மா," என்றார் பயிற்சியாளர். "அவன் எனக்குத் தம்பி மாதிரி."

"கேட்டேனே சார்," என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

அவர் வளையத்தைக் கால்மாட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். காதில் விழாத மாதிரி வளையத்தின் ரிப்பனைச் சரிசெய்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். நாத்தனார் மட்டும் அண்ணியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் கேட்டது உண்மைதான். போன வாரம் மாத்திரையை எடுத்துக்கொண்டு லாயத்துக்கே போய்க் கேட்டாள். அன்று சாம்பலைச் சுற்றி ஒரே கூட்டம். சாம்பல் என்பது அவள் கணவர் பார்த்துக்கொண்ட குதிரை. நிறத்தை வைத்து அவரே கூப்பிட ஆரம்பித்து நிலைத்துப்போன பெயர். வெளியூர்ப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டு, லாரியில் தலையைத் தூக்கிக் கட்டின கட்டோடு ஒரு பகல் முழுக்க நின்று வந்திருந்தது. வந்ததிலிருந்து இருமல், மூக்கில் சளி. அவர் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். குதிரை இருமும், அது முடித்ததும் அவர் இருமுவார். பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் சிரித்தான்.

குதிரை டாக்டரம்மா பயிற்சியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேல பாத்தா பளபளன்னுதான் இருக்கும் சார். மூச்சு முட்ட ஓடின உடம்பு உள்ள காலியாயிடும். நோயை எதுத்து நிக்கற வெள்ளை அணு ரத்தத்துல கொறைஞ்சு கெடக்கு. இந்தச் சமயத்துல எந்தக் கிருமி வந்தாலும் வான்னு கதவைத் தொறந்து விடும். ரெண்டு வாரம் ஓட்டமே கூடாது. புல்லை நனைச்சுப் போடுங்க, தூசி ஆகாது. வேற குதிரையைப் பக்கத்துல கட்டாதீங்க. மறுபடி வெரட்டினீங்கன்னா நுரையீரல்ல போய் உக்காந்துடும்."

"சரி டாக்டர், சரி டாக்டர்," என்றார் பயிற்சியாளர்.

அவள் முன்னால் போய், "சார், இவருக்கும் காய்ச்சல். நாலு நாள் லீவு குடுங்க. வீட்டுல படுக்கட்டும்," என்றாள்.

"குதிரை இவன் கையாலதாம்மா திங்கும். அது தேறட்டும், அப்புறம் ஒரு மாசம்கூடப் படுத்துக்கட்டும்."

"இவரும் படுக்க வேண்டிய ஆளுதான் சார்," என்றார் டாக்டரம்மா. "எனக்கு மனுஷ வைத்தியம் தெரியாது. ஆனா கண்ணு இருக்கு."

பயிற்சியாளர் சிரித்துவிட்டு நகர்ந்தார். அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க வாயைத் தொறந்து கேளுங்களேன்."

"நான் போனா இது பட்டினி கெடக்கும்," என்றார் அவர், குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டே. அந்த நேரத்தில் அவளுக்கு அந்தக் குதிரையை அறைய வேண்டும் போலிருந்தது.

லாயத்திலேயே வைக்கோல் மேல் படுத்தார். சாம்பலின் இருமல் தணிந்தது. அவருடையது நெஞ்சுக்குள் இறங்கியது. நேற்று விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, "இவ்ளோ நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்கள். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் அங்கே இல்லை.

அன்று மத்தியானம் இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். நாத்தனார் காப்பி போட்டு, குடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். "எங்கண்ணன் என் பொறந்தநாளைக்கூட மறந்துடுவான் அண்ணி. அந்தக் குதிரைக்குப் பல்லு வலின்னா மட்டும் ஃபோன் பண்ணிச் சொல்லுவான்," என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது.

அப்போது பயிற்சியாளர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கையில் எதுவும் இல்லை.

"ஒரு சின்ன உதவிம்மா. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "சாம்பல் நேத்துலேருந்து வாயே தொறக்கல. தொட்டியில போட்டது அப்படியே கெடக்கு. தண்ணியை மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது. அவனோட தொவைக்காத சட்டை ஒண்ணு இருந்தா குடு. தொட்டி மேல கட்டி வச்சா, அவன்தான் நிக்கறான்னு நெனைச்சுத் திங்கும்."

அன்றைக்கு முதல் முறையாக அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஓட்டினீங்களா?"

"காலையில ஒரே ஒரு சுத்து. கொஞ்சம் வேகமா விட வேண்டியதாப் போச்சு. சனிக்கிழமை பெரிய பந்தயம். குதிரை முதலாளி கழுத்து மேல உக்காந்திருக்கார்."

காலையில் வளையத்தோடு வந்தபோது அவர் காலணியில் ஈர மண் ஒட்டியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். ஓடுதளத்து மண். இப்போது அது காய்ந்து, அவர் காலை அசைக்கும்போதெல்லாம் தரையில் உதிர்ந்தது.

"டாக்டரம்மா ரெண்டு வாரம்னாங்களே."

"டாக்டருங்க சொல்லுவாங்கம்மா. அவங்க பேச்சைக் கேட்டா லாயத்தைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

"உக்காருங்க சார்," என்றாள் அவள். "எடுத்துட்டு வரேன்."

உள்ளே போய்க் கொடியில் கிடந்த சாம்பல் நிறச் சட்டையை எடுத்தாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய நீலச் சட்டை. கால்சட்டைகள். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பையிலிருந்த பனியன். துண்டு, போர்வை. கடைசியில் கட்டிலுக்கு வந்து, கணவர் படுக்கும் பக்கத்துத் தலையணையின் உறையையும் உருவினாள். எல்லாவற்றையும் வாரிக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பெரிய அண்டாவில் போட்டு, அடுப்பை மூட்டினாள்.

அவள் ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். யார் யாரோ படுத்தெழுந்த போர்வைகளிலிருந்து சென்ட்டு, சிகரெட், வாந்தி என்று எதையும் தடம் தெரியாமல் எடுத்துவிடுவாள். தண்ணீர் கொதித்ததும் சோடா உப்பை அள்ளிப் போட்டாள். சோப்புத் தூளை அளக்கவில்லை.

நாத்தனார் ஓடி வந்தாள். "அண்ணி! என்ன பண்றீங்க?"

"துணி தொவைக்கறேன்."

"அவர் அங்க உக்காந்திருக்காரு..."

"உக்காரட்டும்."

நாத்தனாருக்குப் புரிந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த வாயில்லா ஜீவன் என்ன பாவம் பண்ணுச்சு? அண்ணன் உயிரையே விட்டான் அது மேல."

"ஆமா. விட்டாரு."

சாம்பல் நிறச் சட்டை மட்டும் இன்னும் அவள் கையில் இருந்தது. அதன் காலரில் வைக்கோல் வாசனை, குதிரை வேர்வை, நெஞ்சில் தேய்த்த தைலம், எல்லாவற்றுக்கும் அடியில் அவர். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"அது ஒண்ணையாவது வச்சுக்கோங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "உங்களுக்காக."

வைத்துக்கொண்டால் வீட்டில் ஒன்று இருக்கும். இருந்தால் அந்த ஆள் கேட்பான். கெஞ்சுவான். நாளைக்கு அவளுக்கே மனசு இளகும். அவள் சட்டையை அண்டாவுக்குள் விட்டுக் கழியால் அமுக்கினாள். அது ஒருமுறை காற்றோடு உப்பி மேலே வந்தது. மறுபடி அமுக்கினாள்.

முன்னறையில் பயிற்சியாளர் இரண்டு தடவை இருமிக் காட்டினார். யாரோடோ தொலைபேசியில், "இதோ வந்துட்டேன், வந்துட்டேன்" என்றார். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லில் அடித்து, அலசி, மறுபடி அலசினாள். பிறகு சாம்பல் நிறச் சட்டையைப் பிழியாமல் அப்படியே ஏந்திக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள். தண்ணீர் அவர் காலணி மேல் கொட்டியது.

"இந்தாங்க சார்."

அவர் துள்ளி எழுந்தார். "என்னம்மா இது? அழுக்குச் சட்டைன்னுதானே சொன்னேன்!"

"செத்தவரோட துணியை அழுக்கா எப்படி சார் குடுக்கறது? எல்லாத்தையும் சேத்துத் தொவைச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"தலகாணி உறை வரைக்கும்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கொல்லை வாசல் வழியே ஆவி பறந்துகொண்டிருந்த அண்டா தெரிந்தது.

"வேணும்னே பண்ணியிருக்கே."

"நீங்க லீவு தரல. நான் சட்டை தரல," என்றாள் அவள். "அது நிக்கட்டும் சார். டாக்டரம்மா சொன்ன ரெண்டு வாரமும் நிக்கட்டும்."

சட்டையை வாங்காமலே அவர் போனார். வாசல் வரைக்கும் ஈரத் தடம் போனது. நாத்தனார் துடைக்கத் துணி எடுத்தாள். "அது தானா காயட்டும்," என்றாள் அவள்.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். வளையமோ பழமோ எதுவும் கொண்டுவரவில்லை. உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சாம்பல் ஓடல," என்றார். "மூணு நாளா தீனி எடுக்கல, காய்ச்சலும் வந்துடுச்சு. ஓட லாயக்கில்லேன்னு பந்தய அதிகாரிங்ககிட்ட நானே சொல்லிட்டேன். அந்த உடம்போட ஓடியிருந்தா நுரையீரல் கெட்டு நடுவழியிலேயே விழுந்திருக்கும். முதலாளி வந்து ஒரே கத்தல். அவர் குதிரை எல்லாத்தையும் வேற ஆள்கிட்ட மாத்திட்டார். அந்தாளு லாயத்துல இன்னிக்கு பாதிக்கு மேல காலி."

"மறுபடி சொல்லுங்க," என்றாள் அவள்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி சொன்னார். முதலாளி கத்தியதை, வண்டிகள் வந்து குதிரைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனதை, பயிற்சியாளர் பாதிக்கு மேல் காலியான லாயத்தின் வாசலில் நின்றதை. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"இப்போ திங்குதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம். என் கையில ரெண்டு வாய் வாங்கிச்சு. வாங்கிட்டு வாசலையே பாக்குது."

டாக்டரம்மா போன பிறகு கொல்லைக்குப் போனாள். துவைத்த நாளிலிருந்து துணிகள் கொடியிலேயே கிடந்தன. எடுக்க நாத்தனாருக்குத் தைரியம் வரவில்லை. வெயிலில் மொடமொடத்துப் போயிருந்தன. நாத்தனார் எதிர்ப்பக்கம் நின்று மடிக்க ஆரம்பித்தாள்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். நீலச் சட்டையின் காலரை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். பனியனை வைத்துப் பார்த்தாள். போர்வையில் நடுப்பகுதி, பிறகு ஓரம். சாம்பல் நிறச் சட்டையின் அக்குளைப் பிரித்து அதில் வெகுநேரம் மூக்கைப் புதைத்திருந்தாள். நாத்தனார் மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள்.

கடைசியாகத் தலையணை உறை. அதையும் உள்புறம் வெளியே திருப்பி முகர்ந்தாள். பிறகு நான்காக மடித்து, மற்றவற்றின் மேல் வைத்தாள்.